கேமராவுக்குள் இருந்த ஆள்

என் வீட்டுக்காரருக்கு மஸ்கட்டில் ஏசி மெக்கானிக் வேலை. லீவில் வரும்போதெல்லாம் ஏதாவது ஒன்றை என் தலையில் கட்டிவிட்டுப் போவார். ஒரு முறை ஹாலில் ஷோகேசுக்கு மேலே கேமரா மாட்டினார். அதே லீவில், குளச்சலில் மீன் வாங்கப் போன இடத்திலிருந்து ஒரு நாய்க்குட்டியையும் தூக்கி வந்தார். தனியாக இருக்கும் எனக்குத் துணையாம். துணை வேண்டுமென்றால் அவரே இருந்திருக்கலாம். சொன்னால் சண்டை வரும், சொல்லவில்லை.

லீவு முழுக்கக் குட்டி அவர் மடியைவிட்டு இறங்கவில்லை. சாளை மீனை முள் எடுத்து ஊட்டினார். லீவு முடிந்து அவர் விமானம் ஏறிய மறுநாள், நான் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கப் போகக் கதவைப் பூட்டியதும் தொடங்கியது ரகளை.

சாயங்காலம் வந்து திறந்தால் கதவின் கீழ்ப்பகுதி சிராய் சிராயாகக் கிடந்தது. கிரில் கம்பியெல்லாம் ரத்தம். முன்காலில் ஒரு நகம் பிய்ந்து தொங்கியது. பால்பல் ஒன்று மிதியடியில் கிடந்தது. எனக்குப் பரிதாபத்துக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. விளக்குமாற்றை எடுத்து ரெண்டு வைத்தேன். அடி வாங்கிய குட்டி ஓடவில்லை, அடித்தவள் காலையே கட்டிக்கொண்டது. அப்போதுதான் இது சேட்டை இல்லை, பயம் என்று எனக்கு உறைத்தது.

தினமும் இதே கூத்து. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, இந்த ஊளை நிற்காவிட்டால் சோற்றில் மருந்து வைத்துவிடுவேன் என்று சிரித்த முகத்தோடு சொன்னார். வாழைத்தோட்டத்தில் எலிக்கு வைக்கிற கை, செய்யக்கூடியவர்தான். வைத்தால் உங்கள் கிணற்றில் நானும் வைப்பேன் என்று நானும் சிரித்த முகத்தோடு சொன்னேன். உள்ளே வந்து ஜன்னலையெல்லாம் சாத்தினேன். அவர் கொல்லாவிட்டாலும் அது தன்னைத்தானே கொன்றுகொள்ளும்போல் இருந்தது.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். பையை எடுத்து, குடையை எடுத்து, சாவியைக் குலுக்கிவிட்டு, போகாமல் உட்கார வேண்டும். அது பதறாமல் இருக்கப் பழகியதும் வெளியே போய் உடனே திரும்ப வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்ட வேண்டும். லீவு எடுத்துக்கொண்டு பைத்தியக்காரி மாதிரி குடையும் கையுமாக ஹாலில் உட்கார்ந்திருந்தேன். முதலில் வெறிபிடித்துக் குதித்தது, என் சேலையைக் கிழித்தது. மெல்ல மெல்ல, நான் கடைக்குப் போய் வரும்வரை மிதியடியில் படுத்துக் கிடக்கப் பழகியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த நம்பிக்கையில் மறுபடி பள்ளிக்கூடம் போனேன். போன் வழக்கம்போல் சத்தமில்லாமல் பைக்குள் கிடந்தது. சாயங்காலம் கதவைத் திறந்ததும் கண்ணாடித் துண்டுகள் காலடியில் நொறுங்கின. ஷோகேஸ் கதவு உடைந்திருந்தது. சோபாவிலிருந்து சுவர் வரை ரத்தக் கால்தடம். குட்டி மூலையில் கிடந்தது. தோளில் சதை பிளந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. வாரி எடுத்து மடியில் போட்டேன், சேலை நனைந்தது.

அப்போது தலைக்கு மேலிருந்து குரல் வந்தது.

"ஏட்டி, நான் அதைச் சமாதானப்படுத்தத்தான் பேசினேன்."

கேமராவில் ஸ்பீக்கர் உண்டு. அதன் வழியாக 'கேஸை அணைச்சியா?' என்று மஸ்கட்டிலிருந்து என் வீட்டுக்காரர் என்னையே அதட்டியது உண்டு. நான் போனபிறகு குட்டி லேசாக முனகியிருக்கிறது. வேலைத்தளத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவருக்கு மனசு கேட்கவில்லை. 'இங்கதான் இருக்கேன் மக்கா' என்று சொல்லியிருக்கிறார். ஆள் சுவருக்குள் இருப்பதாக நினைத்து அது பாய்ந்திருக்கிறது. ரத்தத்தைப் பார்த்து அவர் இன்னும் கத்திக் கூப்பிட, அது இன்னும் பாய்ந்திருக்கிறது. என் போனுக்கு அடித்தும் நான் எடுக்கவில்லை.

இப்போதும் அந்தக் குரல் கேட்டதும் குட்டி என் மடியிலிருந்து திமிறியது. பிடித்த என் கையை எலும்பு வரை கடித்துவிட்டு, பிளந்த தோளோடு சுவரில் போய் மோதி விழுந்தது. நான் அடுக்களைக்குப் போய் வெட்டுக்கத்தியை எடுத்து வந்தேன். சோபாவில் ஏறி நின்றேன். "ஏட்டி, வேண்டாம்" என்றது கேமரா. ஒரே வெட்டில் குரல் நின்றது. நின்ற பிறகும் அது சில்லு சில்லாகும்வரை வெட்டினேன். அவருக்குக் கடைசியாகத் தெரிந்தது என் முகமும் கத்தியும்தான்.

குட்டிக்குத் தையல், எனக்கு ஊசி. வீட்டுக்கு வந்ததும் போனில் கத்தினார். அது அழுததைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது என்றார்.

"இங்க இல்லாதவரு இங்க இருக்கேன்ணு சொல்லப்பிடாது. போனா போனதா இருக்கணும். அது நெசம்ணு தெரிஞ்சாத்தான் குட்டி தூங்கும்."

 அவரே போனை வைத்துவிட்டார்.

காயம் ஆறியதும் குடையை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். வீட்டுக்குள் அவர் குரல் கேட்கவே கூடாது என்று, அவரோடு பேச வேண்டுமென்றால் கொல்லைப்புறத்துத் தென்னை மரத்தடிக்குப் போய்ப் பேசினேன். வெகு நாள் ஆயிற்று. ஆனால் பழகியது. நான் பூட்டிவிட்டுப் போனால் மிதியடியில் சுருண்டு தூங்கும், வந்தால் வாலாட்டும். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்ப்பதும் நின்றது.

அடுத்த லீவில் அவர் வந்தபோது குட்டி அடையாளம் கண்டு ஏறி மிதித்து, நக்கி, ஆளையே தரையில் தள்ளிவிட்டது. மனிதருக்குக் கண் நிறைந்துவிட்டது. லீவு முழுக்க இரண்டும் ஒன்றாகவே திரிந்தன.

திரும்பிப் போகும் நாள், மத்தியானம் கார் வந்தது. பெட்டியை ஏற்றியாயிற்று. குட்டி வாசலில் படுத்திருந்தது. ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது, மூடிக்கொண்டது. அவர் காரிலிருந்து இறங்கித் திரும்பி வந்தார்.

"அது எந்திரிக்கவே இல்லியே ஏட்டி."

இதற்குத்தானே பாடுபட்டோம் என்றேன். அவர் முகம் கறுத்தது. குனிந்து அதன் கழுத்தைப் பிடித்து உலுக்கக் கை நீட்டினார். நான் அந்த மணிக்கட்டைப் பிடித்தேன். என் நகம் தோலுக்குள் இறங்கியது எனக்கே தெரிந்தது.

"எழுப்பினீங்கண்ணா கைய ஒடிச்சிருவேன்."

கையைப் பிடுங்கிக்கொண்டார். கேட்டை ஓங்கி ஒரு உதை விட்டார், கீல் கழன்று தொங்கியது. பிறகு காரில் ஏறி உட்கார்ந்தார்.

கார் நகர்ந்தது. குட்டி எழுந்திருக்கவில்லை. நான்தான் செருப்புகூடப் போடாமல் தெரு முக்கு வரை பின்னாலேயே ஓடினேன்.