கடற்கரைக்காரி

மாமா ஒரு படகை வீட்டுக்குக் கொண்டு வந்தார் என்று எழுதினால் அத்தை ஒப்புக்கொள்ள மாட்டாள். "கூட்டிக்கிட்டு வந்துட்டாரு" என்றுதான் அவள் தெருவெல்லாம் சொன்னாள். ஆவணி மாதத்து மாலை ஒன்றில், தூத்துக்குடியிலிருந்து வந்த உப்பு லாரியில், மூட்டைகளின் மேல் கவிழ்ந்து படுத்தபடி அது எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. பழைய ஃபைபர் படகு. ஒரு காலத்தில் நீலமாக இருந்திருக்க வேண்டும். இறக்கி வைத்ததும் வளவு முழுக்கக் கருவாட்டு வாடை.

மாமா என் அம்மாவின் தம்பி. சேரன்மகாதேவியில் ஆற்றங்கரை வயல்களுக்கெல்லாம் பம்ப் செட் மெக்கானிக். ஒரே வளவில் எங்கள் வீடும் அவர் வீடும். அவருக்குக் கல்யாணமாகி ஆறேழு வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. அதனால் நான் சாப்பிட்டது, தூங்கியது, அடம்பிடித்தது எல்லாம் அங்கேதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். வயலுக்கு வயல் நிறுத்தி, "எம் மருமவன். அஞ்சாப்பு படிக்கான், இங்கிலீசுல பேரு எழுதுவான்" என்று மாமா என்னைக் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க முழுக்க என்னுடையது. தலையில் எண்ணெய் வைத்து, சைக்கிளின் முன் கம்பியில் என்னை உட்கார வைத்து ஆற்றுக்குக் கொண்டுபோவார். கண் சிவக்க நீந்திவிட்டு, வரும் வழியில் டீக்கடையில் ஆளுக்கு இரண்டு சுழியன் தின்போம். இந்த ஏற்பாடு என் ஆயுசுக்கும் நீடிக்கும் என்று நம்பியிருந்தேன்.

படகைப் பார்க்கத் தெருவே கூடியது. தெருமுனைக் கடை அண்ணாச்சி அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"என்ன வே, அடுத்த லாரியில கடல் வருதோ?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமா அசரவில்லை. "ஆத்து நடுவுல பைப்பு முனையில ஃபுட் வால்வு அடச்சிக்கிட்டா நான் ஸ்பானரக் கடிச்சிக்கிட்டு நீந்தணுமா அண்ணாச்சி? இனும படகுலதான் போவேன்" என்றார். சொன்ன கையோடு படகின் மேல் ஏறினார். இரண்டடி வைத்ததும் மேல்தட்டு தொய்ந்து, அவர் வலது கால் முழங்கால் வரை உள்ளே போயிற்று.

காலைப் பைய உருவி எடுத்துக்கொண்டு, விரல் முட்டியால் படகை அங்கங்கே தட்டித் தட்டிக் காதைக் கொடுத்தார். "ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. மேல்தட்டு மட்டும் செத்துப்போச்சு. மாத்திருவோம்" என்றார். என் காய்ச்சலுக்குக்கூட அவர் அவ்வளவு பதமாகத் தொட்டுப் பார்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாகப் போய் நின்றேன். மாமா படகுக்குள் உட்கார்ந்து ரம்பத்தால் பழைய தட்டை அறுத்துக்கொண்டிருந்தார். "ஏலே மருமவனே, அடுத்த வாரம் போவோம், என்னா?" என்றார், நிமிராமலே. எண்ணெய் காதோரமாக வழிந்து சட்டைக்குள் இறங்கியது. அடுத்த வாரமும் இறங்கியது. மூன்றாவது வாரம் அம்மா எண்ணெய் வைப்பதை விட்டுவிட்டாள்.

பக்கத்தில் போக விட்டாலாவது பரவாயில்லை. "இங்கன வராதலே! கண்ணாடித் தூசி. படிக்கிற பிள்ள கையி" என்று விரட்டினார். அந்தத் தட்டில் மேலும் கீழும் கண்ணாடி நார், நடுவில் ஊறிக் கறுத்துப்போன பிளைவுட். அறுக்க அறுக்கக் கண்ணாடித் தூசி பறந்து மாமாவின் கையெல்லாம் தடித்தது. ராத்திரி சொறிந்துகொண்டே இருந்தார். எனக்கு அந்தச் சொறியின் மேல்கூடப் பொறாமை. மழை தூறியபோது தார்ப்பாயை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ப் படகைப் போர்த்தினார். எங்கள் வீட்டு அடுக்களை ஒழுகிக்கொண்டிருந்தது. தார்ப்பாயின் மேலும் பொறாமைப்பட்டேன்.

எனக்கு இருந்த ஒரே துணை அத்தை. படகுக்கு அவள்தான் கடற்கரைக்காரி என்று பேர் வைத்தாள். சொறிந்து சிவந்த மாமாவின் முதுகுக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்தபடியே, "அவ நகத்தால பொறாண்டியிருக்கா பாருங்க" என்பாள். தெருக்குழாயில் யாராவது மாமாவை விசாரித்தால், "சக்களத்தி வந்திருக்கால்லா, அங்கன கெடப்பாரு" என்பாள். ஒருநாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "நம்ம ரெண்டு பேரையும் தண்ணி தெளிச்சு விட்டுட்டாருலே ஒங்க மாமா" என்றாள். நம்ம ரெண்டு பேர். எனக்கு நெஞ்சு விம்மியது. உலகத்தில் என் வயிற்றெரிச்சலைப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன் அவள் என்று நினைத்தேன். இன்னொரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டேன்.

புரட்டாசியில் கும்பா போயிற்று.

குறுக்குக் கட்டைகள் அடித்து, புது பிளைவுட் பதித்து, அதன் மேல் கண்ணாடி நாரை விரித்து ரெசின் பூசி ஒட்ட வேண்டும். ரெசின் தேன் மாதிரி ஒரு பசை. அதில் வேறொரு மருந்தைச் சில சொட்டு விட்டுக் கலக்கினால்தான் இறுகும். கலக்க ஏனம் தேடிய மாமா, அடுக்களையிலிருந்து ஒரு எவர்சில்வர் கும்பாவை எடுத்துவிட்டார். அத்தைக்கு அவள் அம்மா வீட்டில் கொடுத்த கும்பா, தயிருக்கு உறை ஊற்றுவது அதில்தான். உச்சி வெயில், சொட்டும் கொஞ்சம் கூடிப்போயிற்று. கும்பா புகைய ஆரம்பித்தது. பிரஷை உருவப் பார்ப்பதற்குள் எல்லாம் கல்லாகிவிட்டது. ஆற்றுக்குத் துவைக்கப் போயிருந்த அத்தை திரும்பி வந்தபோது, முற்றத்தின் நடுவில் அவள் கும்பா இருந்தது. அதற்குள் பிரஷ் கொடிக்கம்பம் மாதிரி நின்றது.

"கோட்டி புடிச்சிருக்கா ஒங்களுக்கு? ஒறை ஊத்துத ஏனம் எது, ஒங்க கன்றாவிய கலக்குத ஏனம் எதுன்னு தெரியாண்டாமா?"

"இதுவும் ஒறை ஊத்துத மாதிரிதான்..." என்று மாமா தொடங்கினார். அதோடு அத்தை அவரிடம் பேசுவதை நிறுத்தினாள்.

அன்றைக்கு ராத்திரி எனக்கு உத்தியோகம் கிடைத்தது. மூன்று பேரும் ஒரே விளக்கின் கீழ் உட்கார்ந்திருக்கிறோம். மாமாவுக்கும் அத்தைக்கும் நடுவே ஒரு கை தூரம்தான்.

"ஏலே, சோறு எடுத்து வச்சாச்சுன்னு சொல்லு."

"மாமா, சோறு எடுத்து வச்சாச்சாம்."

"கொழம்பு என்னன்னு கேளு."

"அத்தை, கொழம்பு என்னவாம்?"

"கடற்கரைக்காரி ஆக்கிப் போடலியான்னு கேளு."

"மாமா, கடற்கரைக்காரி ஆக்கிப் போடலியான்னு கேக்கா."

"அவளுக்கு இன்னும் தட்டே வைக்கல, சட்டியத் தூக்கி எங்கன வைப்பான்னு சொல்லு."

செய்யுள் ஒப்பித்துப் பழகிய வாய். ஒரு சொல் குறையாமல், சொன்னவரின் கோபத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. "அத்தை, மாமா அழுதாரு" என்றேன். "அழட்டும்" என்றாள் அத்தை. அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு பேரையும் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. கூடவே, மறைக்க என்ன இருக்கிறது, சந்தோஷமாகவும் இருந்தது. படகு வருவதற்கு முன்னால் அவர்கள் சண்டை போட்டு நான் பார்த்ததே இல்லை. சண்டை என்ன, பேச்சே குறைவு. சொந்தக்காரர்கள் வந்து "விசேஷம் ஏதும் உண்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போகும் நாள்களில் அந்த வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்கும். அதை நல்ல அமைதியான வீடு என்று எண்ணியிருந்தேன். இப்போது படகு அதையும் கெடுத்துவிட்டதே என்று அதன் மேல் எனக்கு இன்னொரு கோபம்.

ஐப்பசியும் கார்த்திகையும் மழையில் போயின. படகு தார்ப்பாய்க்குள் கிடந்தது. அந்த இரண்டு மாதமும் நான் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே உத்தியோகத்துக்குப் போனேன். என்னைத் தாண்டி அந்த வீட்டில் ஒரு வார்த்தை நடமாடவில்லை.

மார்கழியில் மாமா மறுபடி தொடங்கினார். கும்பாவுக்கு நேர்ந்த கதி நினைவில் இருந்ததால் மருந்தை ஒன்றிரண்டு சொட்டோடு நிறுத்திக்கொண்டார். பாதித் தட்டுக்கு நாரை விரித்து, ரெசின் பூசி, குமிழி இல்லாமல் நீவிவிட்டுப் படுத்தார். விடிந்து பார்த்தால் இறுகவே இல்லை. மறுநாளும் விரலை வைத்தால் விரலோடு வந்தது. வேப்பிலைகளும் ஒரு தும்பியும் அதில் ஒட்டிக் கிடந்தன. மாமா படகின் விளிம்பில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்குள் ஒரு பொங்கலே நடந்தது. நியாயமாகப் பார்த்தால் அத்தைக்குள்ளும் நடந்திருக்க வேண்டும்.

அவளோ அடுக்களை நடையில் வந்து நின்றாள். "ஏலே, பனிக்காலத்துல ஒறை கூடத்தான் ஊத்தணும்னு சொல்லு. வெயில் ஏறுன பொறவு ஊத்தணும்னு சொல்லு. ஒரு வீட்டுல தயிர் தின்னு வளந்தவருக்கு இதுகூடத் தெரியாதான்னு கேளு."

சொன்னேன். மாமா நிமிர்ந்தார். "எவ்வளவு கூடன்னு கேளு."

"கண்ணால பாக்காம எப்படிச் சொல்லன்னு கேளு."

"வந்து பாக்கச் சொல்லு."

"மருந்துல கை வைக்க மாட்டேன்னு சொல்லு. நிக்கேன்னு சொல்லு."

ஒட்டியதையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, மறுநாள் வெயில் முற்றத்துக்கு வந்த பிறகு மாமா புதிதாகக் கலக்கினார். அத்தை படகுக்கு நாலடி தள்ளி நின்றாள். "போதும்னு சொல்லு" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா சொட்டு விடுவதை நிறுத்தியிருந்தார். நான் சொல்லி முடித்தேன். கடமை என்று ஒன்று இருக்கிறதே. எதிரியின் பலத்தை அறிந்து வரத்தான் அத்தை அவ்வளவு பக்கத்தில் போயிருக்கிறாள் என்று என் மனதைத் தேற்றிக்கொண்டேன். சாயங்காலம் மேல்தட்டு கண்ணாடி மாதிரி இறுகியிருந்தது. மாமா ஏறி நின்று குதித்தார். ஒரு முனகல் இல்லை.

அதன் பிறகு அடுக்கடுக்காக நார், அதன் மேல் சாம்பல் நிறப் பெயின்ட், வழுக்காமலிருக்கப் பெயின்டின் ஈரத்தில் தூவிய ஆற்று மணல். மணலை அரித்துக் கொடுத்தது அத்தை. கேட்டதற்கு, "முங்கும்போது நல்லா கனமா முங்கட்டும்லே" என்றாள். அந்தப் பதில் எனக்குத் திருப்தியாக இருந்தது.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை டிராக்டரில் ஏற்றி ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். "வாலே, அவ முங்குறதக் கண்ணால பாத்துட்டு வருவோம்" என்று அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். பொங்கலுக்கு எடுத்த சேலையைக் கட்டியிருந்தாள். வெற்றியைக் கொண்டாடக் கட்டியிருக்கிறாள் என்று நினைத்தேன். வழியெல்லாம் நான் ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். படகு ஒருவேளை மிதந்துவிட்டால் மாமா என்னைத்தான் முதலில் ஏறக் கூப்பிடுவார். "நான் வரல. ஒம்ம படகுல நீரே போரும்" என்று சொல்ல வேண்டும். அவர் கெஞ்ச வேண்டும். மறுபடி சைக்கிள் கம்பியையும் சுழியனையும் பேசி முடித்த பிறகுதான் ஏற வேண்டும்.

படித்துறையில் தேங்காய் உடைத்து, பத்துப் பேர் தள்ளியதில் படகு தண்ணீரில் விழுந்தது. முங்கவில்லை. மாமா ஏறித் துடுப்பைப் போட்டதும் முகப்பு தூக்கிக்கொண்டு, ஒரே இடத்தில் சுற்ற ஆரம்பித்தது.

"எழவு, இதென்ன வே செக்கா?" என்றார் கடை அண்ணாச்சி.

"முன்னால எடைக்கு ஒரு ஆளு வேணும்" என்று மாமா கத்தினார். படகைக் கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்து எங்களைப் பார்த்தார்.

நான் வாக்கியத்தோடு தயாராக நின்றேன். அவர் பார்வை என் தலைக்கு மேலாக இருந்தது.

"வாரியா?" என்றார்.

"நான் என்னத்துக்கு?" என்றாள் அத்தை, என் பின்னாலிருந்து. "கவுத்துப் போடுவீங்க."

"கவுக்க மாட்டேன். ஏறு."

"கையக் குடுங்க."

இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டார்கள். நாலு மாதத்துக்குப் பிறகு, பத்துப் பேர் நடுவில், நான் பக்கத்திலேயே நிற்க. அத்தை சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். மாமாவின் கையைப் பிடித்து ஏறினாள். பாதத்தால் தட்டை இரண்டு முறை அழுத்திப் பார்த்தாள். பிறகு கடற்கரைக்காரியின் முகப்பில், அவள் வீட்டு முற்றத்தில் உட்காருவது போலச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். படகு சுற்றுவதை நிறுத்தியது.

"ஏலே, நீயும் வாலே, எடம் கெடக்கு" என்று அத்தை கை நீட்டினாள்.

மாமாவுக்காக வைத்திருந்த வாக்கியத்தை அவளிடம் சொல்லும்படி ஆயிற்று. "நான் வரல" என்றேன். மீதி வாயில் வரவில்லை. அவள் இன்னொரு முறை கூப்பிடுவாள், அப்போது மீதியையும் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். "சரி, அங்கனயே நில்லு, வந்துருதோம்" என்றாள். துடுப்பு விழுந்தது.

நடு ஆற்றுக்குப் போனதும் ஏதோ பேச ஆரம்பித்தார்கள். காற்று எதிர்ப் பக்கமாக அடித்தது. கையை ஆட்டுவது தெரிந்தது, சொல் வரவில்லை. அத்தை சிரித்தாள். மாமா ஏதோ சொன்னார். அவள் தண்ணீரை அள்ளி அவர் மேல் எறிந்தாள். நான் படித்துறையில் கடைசிப் படி வரை இறங்கி, முழங்கால் நனைய நின்று காதைக் கொடுத்துப் பார்த்தேன். ஏதோ முக்கியமான விஷயம் எனக்குத் தெரியாமல் போகிறது, அதை யாராவது ஒருவர் மற்றவரிடம் பிழையில்லாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், நான் இல்லாமல் அவர்கள் அங்கே என்ன செய்யப் போகிறார்கள் என்று எனக்கு உண்மையாகவே கவலையாக இருந்தது.