இரண்டாவது பதில்

யாரையாவது கண்டு "சுகமா?" என்று கேட்டால், றோஸ் அக்கா முதல் பதிலோடு நகர மாட்டார். "சுகம்" என்பார்கள். அவர் குடையைக் கை மாற்றிக்கொண்டு அப்படியே நிற்பார். கொஞ்ச நேரத்தில் எதிரில் இருப்பவருக்கு என்னவோ செய்யும். "சுகந்தான்... இந்த முழங்கால்தான் கொஞ்சம்..." என்று உண்மை மெல்ல வெளியே வரும். மஹய்யாவயில் அடுத்த வீட்டுக்காரியான றேணுகா பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே இதைப் பார்த்து வந்தாள். ஊர்ச் சங்கதி கேட்கும் ஆசை என்றுதான் நினைத்திருந்தாள்.

றோஸ் அக்கா நீரிழிவு கிளினிக் ஒன்றில் உதவியாளர். றேணுகா தன் குடும்பத்தின் முதல் பட்டதாரி. புள்ளிவிபரவியல் படித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் இருந்தவளை, "எங்க மெடத்துக்குக் கணக்குப் பாக்க ஆள் வேணுமாம், எந்திரிச்சு வா" என்று கையோடு கூட்டிப்போனவர் அவர்தான்.

அந்த மெடம், டொக்டர் தனுஜா, அப்போது ஒரு மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். சீனி வருத்தக்காரர்களின் பாத எரிச்சலுக்கான மாத்திரை. பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில், மருந்து இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்பது முடியும்வரை யாருக்கும் தெரியாது.

கடைசித் தவணைப் பரிசோதனைக்கு வந்தவர்கள் எல்லாரும் சிரித்த முகத்தோடு வந்தார்கள். ஒருவர் இனிப்பாக வட்டிலப்பம்கூடக் கொண்டுவந்தார். றேணுகாவுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் வேலையே வெற்றி! றோஸ் அக்காவோ, நோயாளிகள் உட்காரும், பாதி காலியாகக் கிடந்த வாங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவங்க மட்டுந்தானா நம்ம ஆளுங்க? மத்தவங்க எங்க?"

வராதவர்களைத் தேடி இருவரும் பஸ் ஏறினார்கள். மடவளையில் செருப்புக்கடை வைத்திருந்த ஹபீல் நானா, இவர்களைக் கண்டதும் தொங்கிக்கொண்டிருந்த செருப்புச் சரங்களுக்குப் பின்னால் போய்விட்டார். அவருடைய மனைவி சித்தி றலியா, "அவர் கடைல இல்ல" என்றார்.

"அப்ப அந்தக் கீழ தெரியிற கால் யாரோடது ராத்தா? விக்கிறதுக்கா?"

சித்தி றலியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஹபீல் நானா அசடு வழிய வெளியே வந்தார்.

"கால் எப்படி நானா?"

"அல்ஹம்துலில்லாஹ், சுகம்."

றோஸ் அக்கா குடையைக் கை மாற்றினார். நின்றார்.

"எரிச்சல் அப்பிடியேதான் ஈக்குது புள்ள" என்றார் ஹபீல் நானா. "வகுறும் சரியில்ல. அந்த டொக்டர் நோனா எவ்வளவு அன்பாப் பேசின. அவங்கட மொகத்தப் பாத்து சுகமில்லன்டு எப்பிடிச் சொல்ற?"

"அதச் சொல்லத்தான் நானா நீங்க வரணும். சுகமானவங்க சொல்றது மாதிரியே நீங்க சொல்றதும் எழுத்துல ஏறும். முடிவு என்னன்னு நானே வந்து சொல்றேன்."

"மெய்யா?"

"மெய்யாத்தான்."

அப்படி ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்பதைத் திறந்து பார்த்தபோது, மருந்து சாப்பிட்டவர்களுக்கும் மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசமே இருக்கவில்லை.

"இதுல எழுத என்ன இருக்கு?" என்றார் டொக்டர் தனுஜா. "விடு. அடுத்ததப் பார்ப்போம்."

றேணுகாவும் தலையாட்டினாள். உள்ளுக்குள் அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. தோற்றது மருந்தா, அவளா என்று அவளுக்கே தெளிவில்லை. பட்டம் வாங்கியவள் போட்ட முதல் கணக்கில் ஒன்றுமே கிடைக்கவில்லை என்று வீட்டில் எப்படிச் சொல்வது?

மாலையில் றோஸ் அக்கா கேட்டார். "முடிவு வந்துருச்சாமே?"

"மருந்து வேலை செய்யலக்கா."

"சரி, அதையே போய்ச் சொல்றேன். எழுத்துல ஏறிருச்சில்ல? நான் வாக்குக் குடுத்திருக்கேன் புள்ள."

றேணுகா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்குப் போய் அந்த மருந்தைப் பற்றி வெளிவந்த கட்டுரைகளைத் தேடினாள். இரண்டு கிடைத்தன. இரண்டும் மருந்தைப் புகழ்ந்தன. வட்டிலப்பம் வந்த நாள் அவளுக்கு நினைவு வந்தது. அன்றைக்கும் சுகமானவர்கள்தானே வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள்? இந்த மருந்தைச் சோதித்து, ஒன்றும் கிடைக்காமல், சொல்ல வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டவர்கள் உலகத்தில் எத்தனை பேரோ? அந்த இரண்டு கட்டுரைகளை மட்டும் நம்பி இன்னொரு டொக்டர் இன்னொரு ஹபீல் நானாவுக்கு இதையே எழுதிக் கொடுப்பார். அவருக்கும் எரிச்சல் அப்படியே இருக்கும்.

மறுநாள் அவள் டொக்டரின் அறைக்குப் போனாள்.

"மெடம், நம்ம முடிவ எழுதி அனுப்பணும். ஹபீல் நானா செருப்புக்குப் பின்னால ஒளிஞ்ச மாதிரி நாமளும் ஒளியக்கூடாது."

"பார்ப்போம் றேணுகா."

அது முதல் பதில். றேணுகாவின் கையில் குடை இல்லை. ஆனாலும் நகராமல் நின்றாள். டொக்டர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"இந்த மருந்து நல்லதுன்னு நானே மேடையில பேசியிருக்கேன். இப்ப இல்லன்னு எழுத வெட்கமா இருக்கு." பிறகு பெருமூச்சு விட்டார். "எழுதிக் கொண்டு வா. திருத்தித் தாறேன்."

சில மருத்துவ சஞ்சிகைகள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பின. கடைசியில் சிறிய சஞ்சிகை ஒன்று ஏற்றுக்கொண்டது. நன்றி சொல்லும் இடத்தில் றோஸ் அக்காவின் பெயரைச் சேர்த்தவர் டொக்டர் தனுஜாவேதான். அதற்குள் அக்கா ஓய்வு பெற்றிருந்தார். நீர்கொழும்பில் மகன் பிறையன் வீட்டுக்குக் குடிபோவதற்கு முன்னால், தெல்தெனிய வரை பஸ்ஸில் அலைந்து வீடு வீடாகச் சொன்னார்: "மருந்து சரிவரல. நீங்க சொன்னது எழுத்துல ஏறிருச்சு." சிலர் தேநீர் கொடுத்தார்கள். ஒருவர் அந்தக் கட்டுரையின் பிரதி கேட்டார்.

றேணுகா இன்றும் கணக்குப் பார்க்கிறாள். எண்கள் அழகாக வந்து நிற்கும்போதெல்லாம், வராதவர்கள் எங்கே என்று முதலில் தேடுகிறாள். அந்தப் பழக்கத்தைத் தந்தவருக்கு நேரில் நன்றி சொல்ல வாய் வந்ததில்லை. போனில் பேசும்போதும் நேரம் வேறு எதிலோ போய்விடுகிறது.

"ஹபீல் நானா கிடைச்சாரா?" என்பதுதான் அக்காவின் முதல் கேள்வி.

"இல்லக்கா. கடை கைமாறிருச்சு. மகள் வீட்டோட போயிட்டாங்களாம். எந்த ஊருன்னு பக்கத்துக் கடைக்காரங்களுக்கும் தெரியல."

"நானே வந்து சொல்றேன்னு அந்த மனுசன்கிட்ட மெய்யாச் சொன்னேன் புள்ள. அது ஒண்ணு மட்டும் அப்படியே நிக்குது."

மடவளைப் பக்கம் போகும்போதெல்லாம் றேணுகா அந்தக் கடை வாசலில் இறங்கி விசாரிக்கிறாள். இப்போது அங்கே போன் உறைகள் தொங்குகின்றன.