அண்ணையின் கண்ணும் எட்டுமூலைப் பட்டமும்

போன தைப்பொங்கல் பின்னேரம் பருத்தித்துறைக் கடற்கரையில் என் அண்ணை வேறொருவருடைய பட்டத்தைப் பார்த்து எனக்குக் கட்டளையிட்டுக்கொண்டிருந்தார். "இழு, இழு! இப்ப விடு!" என்று அவர் கத்த, நூல் பிடித்திருந்த நானும் அப்படியே செய்தேன். எங்கள் எட்டுமூலைப் பட்டம் தலைகுப்புறக் கடலில் விழுந்தது. அவர் பார்த்த பட்டமோ அழகாக நின்றது.

குற்றம் அவருடைய மூக்குக்கண்ணாடியில். அண்ணாந்தால் சறுக்கும், கடற்காற்றில் உப்புப் படிந்து பனிப்புகார் பிடித்தமாதிரி ஆகிவிடும். அதற்குப் பிறகு மீன் சந்தைக்குப் போனாலும், "அண்ணை, வாற பொங்கலுக்கு ஆரின்ரை பட்டம் ஏத்துறியள்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அடுத்த பொங்கலுக்குத் தன் பட்டத்தைத் தன் கண்ணாலேயே பார்ப்பதென்று அவர் முடிவெடுத்துவிட்டார்.

மார்கழி பிறந்த முதல் சனிக்கிழமை இருவரும் பஸ் ஏறி யாழ்ப்பாணத்திலுள்ள கண்ணாடிக் கடைக்குப் போனோம். கண் பரிசோதித்த பெண் கொன்டாக்ட் லென்ஸ் வகைகளை மேசையில் வைத்தாள். அண்ணைக்கு முதலில் பிடித்தது கடினமான லென்ஸ்.

"பார்வை நல்லாத் தெளிவா இருக்கும், ஐயா. ஆனா கடற்கரை மண் ஒரு துணிக்கை அடியிலை போனாலும் கண்ணைத் திறக்கேலாது."

"அப்ப வேண்டாம். நீலக்கண் லென்ஸ் இருக்கோ, பிள்ளை?"

"அண்ணை!" என்றேன்.

"சும்மா கேட்டனான்."

அவருடைய கண்ணின் முன்பக்கம் சீரான வளைவில்லை என்று அவள் சொன்னாள். சாதாரண மென்லென்ஸ் கிட்டப்பார்வையை மட்டும் திருத்தும். அந்தக் கோணலைத் திருத்த டோரிக் என்ற மென்லென்ஸ் வேண்டும். அது கண்ணுக்குள் சுழன்றால் பார்வை குழம்பும். ஆகவே நேராக நிற்க அடிப்பக்கத்தைக் கொஞ்சம் தடிப்பாகச் செய்திருக்கிறார்கள்.

"உது வால் கட்டின பட்டமல்லோ!" என்றார் அண்ணை.

அவள் சிரித்தாள். மாதக்கணக்கில் பாவிப்பதை மருந்துநீரில் கழுவி வைக்கவேண்டும், கிணற்றுத் தண்ணீர் காட்டவே கூடாது என்றாள். அண்ணையின் பொறுமை எனக்குத் தெரியும். பாவித்த அன்றே எறிகிற வகையை எடுத்தோம். "இதைப் போட்டுக்கொண்டு கிட்டத்திலை பார்க்க வாசிப்புக் கண்ணாடி வேணும் ஐயா. தூரமும் கிட்டவும் சேர்ந்த லென்ஸும் இருக்கு. ஆனா உங்கடை கண்ணுக்கு அது கொழும்பிலையிருந்து வரப் பொங்கல் முடிஞ்சிடும்."

"எனக்கு வானம் போதும், பிள்ளை."

பொங்கலன்று சவர்க்காரம் போட்டுக் கைகழுவி, இரண்டு லென்ஸையும் தானே வைத்துக்கொண்டார். கடற்கரையில் புதுப் பட்டத்தை மடியில் வைத்து முச்சை கட்டக் குனிந்தார். பட்டத்தின் முன்பக்கக் கயிறுகள் சேரும் அந்த முடிச்சில்தான் அது பறப்பதும் விழுவதும். அவர் பட்டத்தைத் தள்ளிப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். முடிச்சுத் தெரியவில்லை.

"வாசிப்புக் கண்ணாடி?" என்றேன்.

"கொண்டுவரேல்லை. கண்ணாடி போடாமலிருக்கத்தானே உவ்வளவு பாடு!"

ஒருநாளும் என்னைத் தொடவிடாத முச்சையை அன்று நான் கட்டினேன். பட்டம் ஏறியது, அதன் உச்சியில் கட்டிய விண் என்ற நார் காற்றில் கூவியது. அண்ணை அண்ணாந்து நின்றார்.

"தம்பி, உந்தச் சிவப்பு வால் எங்கடை."

"ஓம் அண்ணை."

"வலப்பக்கம் சரியுது. முச்சையிலை ஒரு பக்கம் கட்டையாக் கட்டிப்போட்டாய். இறக்கு."

பக்கத்தில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சரிவு எனக்குத் தெரியவேயில்லை. ஆனாலும் சந்தோசமாக நூலைச் சுற்றத் தொடங்கினேன்.