ரிப்பன் கட்டாத மரம்

போன சனிக்கிழமை என் கணவரை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள். தூக்கியது யார் தெரியுமா? எங்கள் பதினாறு வயது மகள் இனியா!

நாங்கள் குடியேறிய இர்விங்கிலிருந்து ஒரு மணி நேரம் ட்ரைவ் பண்ணினால் ஒரு பழைய ஓக் காடு வரும். காடு என்று சொன்னால் இனியாவுக்குக் கோபம் வரும். பரந்த புல்வெளி, அதில் தள்ளித் தள்ளி ஓக் மரங்கள் – அதுதான் அந்த இடத்தின் நிஜமான முகமாம். பல வருஷம் யாரும் கவனிக்காததில் சிடார் மரமும் புதரும் மண்டி, ஓக் மரங்கள் வெயிலுக்கு ஏங்கிக்கொண்டிருந்தன. வாலன்டியர்கள் கூடி வெட்டிச் சுத்தம் பண்ணுகிறார்கள்.

இனியா முதலில் போனது காலேஜ் அப்ளிகேஷனில் சமூக சேவை என்று காட்டுவதற்காக. (பின்னே?) இப்போது அந்த இடத்தின் மேல் பைத்தியமாகிவிட்டாள். அன்றைக்குத்தான் முதல் முறையாக டீம் லீடர். நாங்களும் கூடப் போனோம். காரில் வழி நெடுக ஒரே பாட்டு: “ப்ளீஸ்... டோன்ட் எம்பாரஸ் மீ!”

ரூல் ஒன்றே ஒன்றுதான். ஆரஞ்சு ரிப்பன் கட்டிய மரங்களை மட்டும் வெட்ட வேண்டும்.

இவர் ராமநாதபுரத்துக்காரர். கொஞ்ச நேரம் சமர்த்தாக சிடார் வெட்டினார். பிறகு ஒரு மரத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

“அடப்பாவி... சீமைக் கருவேலம்! இங்கயும் வந்துட்டியா?”

இவர் வீட்டு வயலை அந்த மரம் தின்று தீர்த்த கதையைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறேன். “ஏங்க, அதுல ரிப்பன் இல்லங்க” என்றேன். காதில் விழுந்தால்தானே? ஒரு கிளையில் ரம்பத்தை வைத்துவிட்டார். டீமே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. லீடரான முதல் நாளே பிள்ளையின் மானம் போகிறதே!

இனியா ஓடி வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கையை மட்டும் நீட்டினாள்.

“அப்பா, ரம்பத்தைக் குடுங்க.”

“உனக்குத் தெரியாதும்மா. இது எங்கேர்ந்தோ வந்து ஊரையே அழிச்ச மரம்.”

“இது மெஸ்கீட். வெளியிலேர்ந்து வரலப்பா. இங்கயே பொறந்தது... என்னை மாதிரி.”

அவள் தமிழில் பேசினாலே விஷயம் சீரியஸ் என்று அர்த்தம். இவர் ரம்பத்தைக் கொடுத்துவிட்டார். அப்புறம் மதியம் வரை, வெட்டிய கிளைகளை இழுத்துப் போடும் வேலைதான்.

நம் ஊர் சீமைக் கருவேலத்துக்கு அது ஒன்றுவிட்ட சொந்தமாம். இங்கே அளவோடு இருந்தால் தொந்தரவில்லையாம், தேனீக்களுக்கு வேண்டுமாம். யோசித்துப் பார்த்தால், அந்தப் புல்வெளியில் வெளியிலிருந்து வந்து இறங்கியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். எங்கள் மேல் யாரும் ரிப்பன் கட்டாமல் விட்டதே பெரிய விஷயம்!

மதிய வாக்கில் பெரிய ஓக் ஒன்றின் அடியில் வெயில் இறங்கியது. எத்தனை வருஷத்துக்குப் பிறகோ! எல்லாரும் கை தட்டினார்கள். இனியாவின் முகத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கிளம்பும்போது இவர் அந்த மெஸ்கீட் பக்கமாக நடந்தார். சட்டையில் மாட்டிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டே மகளிடம் சொன்னார்:

“கரெக்டுதான்... உன்னை மாதிரியேதான். கிட்டப் போனா குத்துது!”