கீல்காரர் ஷெட்டின் மேல் ஒரு புகார்

கதவுக்குக் கீல் செய்கிறவர் என்பதால் வெளியாட்கள் அவரைக் கீல்காரர் என்பார்கள். பட்டறையில் வேலை செய்கிறவர்களும் உறவுக்காரர்களும் அவர் காதில் விழாமல் வைத்திருக்கும் பெயர் ‘எதுக்கும்’. ‘எதுக்கும் ஒரு தடவை பார்த்துடலாம்’ என்று சொல்லாமல் அவர் எந்தக் காரியத்தையும் தொடங்கியதில்லை, முடித்ததும் இல்லை. வீட்டைப் பூட்டினால் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பார். அடுப்பை அணைத்தாயா என்று மனைவியிடம் கேட்பார். அணைத்துவிட்டேன் என்று அவள் உடனே சொன்னால், இவள் ஏன் இவ்வளவு சீக்கிரம் பதில் சொல்கிறாள் என்று யோசிப்பார்.

கல்யாணம் பேசி முடித்த கையோடு, பெண் வேலை பார்ப்பதாகச் சொன்ன அச்சகத்துக்கே போய் நின்ற ஆள் அவர். விசிட்டிங் கார்டு அடிக்க வந்தவர் மாதிரி கவுண்டரில் சாய்ந்துகொண்டு, அவள் நிஜமாகவே உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாளா என்று எட்டிப் பார்த்தார். அவள் எழுந்து வந்து, கார்டில் என்ன பெயர் போட வேண்டும் என்று கேட்டாள். பாவம், மனிதருக்குத் தன் பெயரே மறந்துபோய்விட்டது. அந்தக் கதையை அவள் இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்லுவாள். சிரித்துக்கொண்டுதான் சொல்லுவாள், ஆனால் சொல்லாமல் விடமாட்டாள்.

அவரைக் கேலி செய்வது சுலபம். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கீல் செய்யும் பட்டறை என்றால் பவர் பிரஸ். தகட்டை வைக்கிற கை ஒரு நொடி தாமதித்தால் மேலிருந்து இறங்கும் இரும்பு கையென்றும் பார்க்காது, தகடென்றும் பார்க்காது. அந்தத் தொழிலில் கொஞ்ச காலம் இருந்தவர்களோடு கை குலுக்கினாலே தெரிந்துவிடும், ஏதாவது ஒரு விரல் குறையும். இவருடைய பட்டறையில் மட்டும் எல்லோருக்கும் எல்லா விரலும் இருந்தன. காலையில் ஒவ்வொரு பிரஸ்ஸிலும் கையைக் காக்கும் தடுப்பை அவரே பிடித்து ஆட்டிப் பார்த்த பிறகுதான் ஸ்விட்ச் போடலாம். நேற்றுத்தானே பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், நேற்று நேற்றோடு போயிற்று என்பார்.

அந்தப் பட்டறை ஒரு குடியிருப்பின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தது. பிரஸ் இறங்கும்போதெல்லாம் மாடி வீட்டில் பாத்திரங்கள் நடுங்கின. மாடியில் குழந்தை பிறந்ததும், கட்டடத்துக்காரர் வந்து, மழைக்காலம் தொடங்குவதற்குள் காலி செய்துவிடுங்கள் என்று தயவாகவும் முடிவாகவும் சொல்லிவிட்டார். கீல்காரருக்கு ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு மனை ஒதுக்கியிருந்தார்கள். முள்வேலியும் நம்பர் கல்லுமாகச் சும்மா கிடந்தது. மழைக்கு முன்னால் அங்கே ஒரு ஷெட் எழும்பிக் கூரை ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் பிரஸ்கள் தார்ப்பாயின் கீழே துருப்பிடிக்கும். வேலை செய்கிறவர்கள் காத்திருக்க முடியாது, வேறு பட்டறைக்குப் போவார்கள். அங்கே தடுப்பை ஆட்டிப் பார்க்க யார் இருக்கிறார்கள் என்பதுதான் அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

கட்ட அனுமதி வாங்குவதற்கே மழைக்காலம் வந்து போய்விடும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். முன்பொரு தடவை வீட்டுக்கு மேலே ஒரு அறை எடுக்க அனுமதி கேட்டு, செருப்புத் தேய நடந்தவர் அவர். இந்தத் தடவை மனைவி அவரை எங்கேயும் நடக்கவிடவில்லை. சின்னத் தொழில் மனைகளுக்கு இப்போது எல்லாம் ஆன்லைன்தான், ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்த வரைபடங்களை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள், நம் மனைக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுத்து அதன்படியே கட்டுவதாக உறுதி சொன்னால் போதும் என்று விளக்கினாள். சாயங்காலம் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். மனை எண்ணைப் போட்டாள், மூன்றாவது வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தாள், கேட்ட இடத்திலெல்லாம் டிக் அடித்தாள். பால் பொங்குவதற்குள் அனுமதி வந்துவிட்டது.

“வந்துடுச்சுங்க” என்றாள்.

“என்னது வந்துடுச்சு?”

“அனுமதி. கட்டலாம்.”

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷம் வந்திருக்க வேண்டிய இடத்தில் சந்தேகம் வந்தது. யாரும் மனையைப் பார்க்கவில்லை. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கையெழுத்தே இல்லை. கீழே புள்ளிபுள்ளியாக ஒரு சதுரம், அதைப் போனில் காட்டினால் உண்மையா பொய்யா என்று தெரியுமாம். காட்டினார். அதே அனுமதி மறுபடியும் திரையில் வந்து நின்றது. இதென்ன கூத்து, ஒரு காகிதத்துக்கு அதே காகிதம் வந்து சாட்சி சொல்கிறதே என்று அவருக்குப் பட்டது. அதைவிட அவரை உறுத்தியது மனைவி டிக் அடித்திருந்த கடைசி வரி: மேற்கண்ட அனைத்துக்கும் நானே பொறுப்பு. முன்பெல்லாம் ஒரு அதிகாரி கையெழுத்துப் போடுவார். நாளைக்கு ஏதாவது வந்தால் அவரும் கூட நிற்பார். இப்போது மாட்டினால் தான் ஒருவர் மட்டும்தான். இவ்வளவு சுலபமாகக் கொடுக்கிறார்கள் என்றால், பிடுங்குவதும் இவ்வளவு சுலபமாகத்தானே இருக்கும்?

ஷெட்டைக் கட்ட வந்தது மனைவியின் தம்பி. கொத்தனாராகத் தொடங்கி, சொந்தமாக ஆட்களை வைத்துக் கட்டடம் கட்டிக்கொடுக்கும் நிலைக்கு வந்திருந்தவன். அக்காவுக்காக மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு வந்தான். வரைபடத்தை அச்செடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரு கம்பில் கட்டி, மனையின் நடுவில் நட்டுவைத்தான். நான்கு பக்கமும் விடவேண்டிய இடத்தைக் கயிறு கட்டிக் காட்டினான். அவன் போன பிறகு கீல்காரர் தன் டேப்பை எடுத்துத் தனியாக அளப்பார். அவன் அதைக் கவனித்தும் கவனிக்காதவன் போல இருந்தான். மாமாவைச் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறவன்தானே.

அஸ்திவாரம் முடிந்து தூண்கள் எழும்பின. கீல்காரருக்கோ இருப்புக் கொள்ளவில்லை. யாரிடமும் சொல்லாமல் அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்குப் போனார். ஒரு காலத்தில் நிற்க இடமில்லாத அந்தக் கூடத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அதுவே அவருக்குச் சரியாகப் படவில்லை. அங்கிருந்த ஒரே ஊழியர், அனுமதிதான் கிடைத்துவிட்டதே, பிறகு எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். ஒரு அதிகாரி வந்து பார்த்துவிட்டுச் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் தேவலை என்றார் இவர். அப்படிக் கேட்டு யாரும் வந்ததில்லை போலிருக்கிறது. ஊழியர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சின்ன மனைகளுக்கு இப்போது யாரும் நேரில் வருவதில்லை, வேண்டுமென்றால் இணையதளத்திலேயே ஆய்வு கேட்கலாம் என்று சொல்லித் தன் வேலையைப் பார்க்கத் திரும்பினார்.

எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் போனைத் தட்டி அதைத் தானே செய்தார் கீல்காரர். உள்ளே போகும் வாசலிலேயே, நீங்கள் விண்ணப்பதாரரா, பொதுமக்களா என்று கேட்டது. விண்ணப்பதாரர் என்றால் பாஸ்வேர்டு வேண்டும், அது மனைவியிடம் இருக்கிறது, அவளிடம் கேட்டால் எதற்கு என்பாள். பொதுமக்கள் என்பதை அழுத்தினார். மனை எண்ணையும் தன் போன் நம்பரையும் போட்டார். காரணம் என்ன என்று கேட்ட இடத்தில், எல்லாம் விதிப்படி நடக்கிறதா என்று சந்தேகமாக இருக்கிறது, அதிகாரி நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று மனதில் இருந்ததை அப்படியே எழுதினார். பெயரை வெளியிடலாமா என்று கேட்டது. எதுக்கும் வேண்டாம் என்று அழுத்தினார். எல்லாம் முடிந்ததும் நெஞ்சு லேசானது மாதிரி இருந்தது. இன்னொரு டீ சொன்னார்.

மறுநாளே மனைவியின் போனுக்குத் தகவல் வந்தது. உங்கள் கட்டடத்தின் மீது புகார் வந்துள்ளது, ஆய்வு முடியும்வரை பணியை நிறுத்தவும், புகார் கொடுத்தவரின் பெயர் ரகசியம்.

கீல்காரர் பதறிப்போனார், ஆனாலும் அடிமனதில் எங்கோ ஒரு நிம்மதியும் இருந்தது. பார்த்தாயா, நான் அப்போதே நினைத்தேன் என்று மனைவியிடம் சொன்னார். தான் கேட்டது ஆய்வு, இது எவனோ கொடுத்த புகார் என்று அவர் இரண்டையும் தனித்தனியாகத்தான் நினைத்தார். பொதுமக்கள் பக்கத்தில் ஆய்வு கேட்டாலே அதற்குப் பெயர் புகார்தான் என்பது அவருக்குத் தெரியாது. யார் அந்த எதிரி என்று தேட ஆரம்பித்தார். முதலில் கட்டடத்துக்காரர் மேல் சந்தேகப்பட்டார். ஆனால் காலி செய்யச் சொன்னவரே எதற்காக அதைத் தள்ளிப்போட வேண்டும்? அடுத்த மனையில் பூட்டுக் கம்பெனி வைத்திருந்தவர் வழக்கத்தைவிடச் சிரித்த முகமாகப் பேசினார், அதனால் சில நாள் சந்தேகம் அவர் மேல் போயிற்று. வானம் வேறு மூட்டம் போட ஆரம்பித்துவிட்டது. பிரஸ் ஓட்டும் பெண்களில் ஒருத்தி, பக்கத்துத் தெருப் பட்டறையில் ஆள் கேட்கிறார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

அப்போதுதான், மச்சினன் வேறொரு இடத்தில் சுவர் வைத்துக்கொண்டிருக்கிறான் என்ற செய்தி அவர் காதுக்கு வந்தது. வேலை நிற்கிறது, ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும், அவன் என்ன செய்வான்? அப்படி நினைக்கிற மனதாக இருந்தால் அவருக்கு ஏன் அந்தப் பட்டப்பெயர்? வீட்டுக்கு வரச் சொல்லி, வந்தவன் உட்காருவதற்கு முன்பே கேட்டார்.

“இங்க வேலை நின்னா யாருக்கு வசதி? யோசிச்சுப் பார்த்தேன். உனக்குத்தான்.”

அவன் முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தான். அக்காவைப் பார்த்தான். அவள் முகம் வெளுத்திருந்தது.

“மாமா, நான் புகார் கொடுத்தேன்னு சொல்றீங்களா?”

“நான் அப்படிச் சொல்லல. எதுக்கும் கேக்கறேன்.”

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கே மனையிலிருந்து அவனுடைய தூக்குக்குண்டும் ரசமட்டமும் போய்விட்டன. வரைபடம் கட்டிய கம்பை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தான். அதன் பிறகு மனைவி அவருக்குச் சோறு போட்டாள், துணி எடுத்து வைத்தாள், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒருவழியாக ஆய்வுக்கு நாள் குறித்தார்கள். மச்சினனும் வரவேண்டும் என்று கீல்காரர் பிடிவாதமாகச் சொல்லியனுப்பினார். குட்டு வெளிப்படும்போது அவள் தம்பியின் முகத்தை அவளே பார்க்கட்டும் என்பது அவர் எண்ணம். அவன் வந்தான். ஒரு தூணுக்கு அந்தப்பக்கம், கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஹெல்மெட்டும் முதுகில் பையுமாக ஸ்கூட்டரில் வந்து இறங்கினார் ஒரு பெண் இன்ஜினியர். வீண்பேச்சு எதுவும் பேசவில்லை. கம்பில் இருந்த வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொரு பக்கமாக அளந்தார். தூணுக்குத் தூண் அளந்தார். வாசலுக்கு விட்ட அகலத்தை அளந்தார்.

“யார் கட்டினது? ஒரு இடத்துலகூடப் பிசகு இல்ல” என்றார்.

மச்சினன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அதெல்லாம் சரி மேடம். புகார் கொடுத்த ஆள் யாரு? எனக்கு அவரைப் பார்க்கணும்” என்றார் கீல்காரர்.

பெயர் தனக்கே தெரியாது, நம்பர் மட்டும்தான் கொடுத்திருக்கிறார்கள், அளவெல்லாம் சரியாக இருப்பதைச் சொல்ல எப்படியும் அவரைக் கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே, இன்ஜினியர் சற்றுத் தள்ளிப் போய்ப் போனைக் காதில் வைத்தார். கீல்காரரின் சட்டைப் பையில் மணி அடித்தது. முக்கியமான நேரத்தில் எவன் கூப்பிடுகிறான் என்று எரிச்சலோடு எடுத்தார்.

“ஹலோ, யாருங்க?”

“புகார் விஷயமா பேசறேன். நீங்க கேட்ட ஆய்வு முடிஞ்சுது” என்றது குரல், போனிலும் கேட்டது, சற்றுத் தள்ளி நேரிலும் கேட்டது.

இன்ஜினியர் திரும்பினார். இருவரும் காதில் போனை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். டீக்கடையும், பொதுமக்கள் என்று அழுத்தியதும், எதுக்கும் பெயர் வேண்டாம் என்று அழுத்தியதும் ஒன்றன் பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

இன்ஜினியர் நல்ல மனுஷி. ஒன்றும் கேட்காமல், புகார் கொடுத்தவர் திருப்தி என்று அழுத்தினால்தான் தடை நீங்கும், இப்போதே செய்துவிட்டால் நாளைக்கே வேலை தொடங்கலாம் என்று மட்டும் சொன்னார். கீல்காரரின் போனுக்கு அந்தக் கேள்வி வந்தது. ஆய்வில் திருப்தியா? அவர் வாழ்க்கையில் அந்தக் கேள்விக்கு ஆம் என்று பதில் சொன்னதே இல்லை. கேள்வியை இன்னொரு தடவை படித்தார்.

அத்தனை நாள் பேசாத மனைவி அப்போது பேசினாள்.

“இந்த அனுமதியை யார் கொடுத்தாங்கன்னு தலையை உடைச்சுக்கிட்டீங்க. யார் வாங்கினாங்கன்னு ஒரு தடவை யோசிச்சீங்களா? நான்தான் வாங்கினேன். அவன்தான் கட்டினான். அழுத்துங்க.”

அவர் அழுத்தினார். பிறகு தூணைச் சுற்றிப் போய் மச்சினன் முன்னால் நின்றார். தப்புப் பண்ணிட்டேன்பா என்றார். எல்லார் முன்னாலும் சொன்னார், அதை மறைக்க வேண்டியதில்லை. அவன் சரி மாமா என்றான். முகத்தில் கோபமே இல்லை. அதைப் பார்க்கத்தான் அவருக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் ஆட்களோடு வந்துவிட்டான். சொன்னதைவிட வேகமாக வேலை நடந்தது. ஆனால் அன்று சாயங்காலம் கீல்காரரின் போனுக்கு ஒரு படம் வந்தது. அன்றைக்கு எழுப்பிய சுவர், அதன் மேல் இழுத்து வைத்த டேப், அளவு தெளிவாகத் தெரிகிற மாதிரி. ஒரு வார்த்தை எழுதியிருக்கவில்லை. அடுத்த நாளும் ஒரு படம், அதற்கடுத்த நாளும் ஒரு படம். இரும்புச் சட்டம், போல்ட்டு, கூரைத் தகட்டின் கனம், எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு டேப். கேட்காமலே ஆதாரம் வந்துகொண்டிருந்தது. வாழ்நாளெல்லாம் அவர் எல்லோரிடமும் எதிர்பார்த்தது இதைத்தான். இப்போது சாயங்காலமானால் போனைக் கவிழ்த்து வைத்தார்.

மழைக்கு முன்னால் கூரை ஏறியது. பிரஸ்கள் இடம் மாறின, பக்கத்துத் தெருப் பட்டறையைப் பற்றிச் சொன்னவளும் போகவில்லை. கடைசியாக ஒரு படம் வந்தது. அவருடைய பட்டறைக் கீலில் மாட்டிய புதுக் கதவு, அதில் தொங்கும் பூட்டு, பூட்டைப் பிடித்து இழுத்துக் காட்டும் மச்சினனின் கை.

அவர் வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, ஒற்றை விரலால் எழுதினார்: “போதும்பா. இனிமே படம் அனுப்பாதே. நான் உன்னை நம்பறேன்.”

உடனே பதில் வந்தது.

“எதுக்கும் இருக்கட்டும் மாமா.”