பூசையில் வைத்த சாவி

மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கச் சேலத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் நின்றபோது, மேசைக்குப் பின்னால் இருந்த பெண், "பையனுக்கா சார், பொண்ணுக்கா?" என்று கேட்டார்.

எனக்குத்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது.

"வயசு வரம்பு கிடையாது சார். ஆனா டி.சி. வேணும்."

கடைசியாக நான் மாணவனாக இருந்த கல்லூரியின் மாற்றுச் சான்றிதழைக் கேட்டார். முனைவர் பட்டம் பெற்று, கணிதம் கற்பித்து, ஓய்வும் பெற்றுவிட்ட ஒருவன், தான் இன்னும் வேறெங்கோ படித்துக்கொண்டிருக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி கொண்டுவர வேண்டும்.

"விஜயதசமி வரைக்கும் சீட்டு வச்சிருப்போம். அன்னைக்கு லீவுதான், ஆனாலும் ஆபீஸ் தொறந்திருக்கும். நல்ல நாள் பாருங்க, அன்னைக்கே வந்து சேர்ந்துடுங்க. விட்டா அடுத்த ஆளுக்குப் போயிடும்."

நல்ல நாள் என்பதை அவர் வழக்கமாகத்தான் சொன்னார். அதற்கு முந்தைய நாள் நவமி. என் மனைவி இறந்த திதி.

எங்கள் வீட்டுக்கும் ஏற்காட்டுக்கும் நடுவில் ஒரு காப்பி எஸ்டேட் கிடக்கிறது. அதன் ஊடே போகும் மண்சாலையில் வண்டியை விட்டால் மருத்துவமனை பக்கம். அந்தச் சாலை இல்லையென்றால் கரடியூர் வழியாக மலையைச் சுற்ற வேண்டும். காடு இருபுறமும் நெருக்கும் வளைவுகள். காட்டெருமைகள் குறுக்கே நிற்கும், அவை நகரும் வரை வண்டிகளும் நிற்கும். ஆகவே நாங்களும், எங்களுக்கு மேலே குடியிருக்கும் சில குடும்பங்களும் எஸ்டேட் சாலையிலேயே போய்வந்தோம். யாரும் யாரிடமும் கேட்டதில்லை. சாலையின் மேல்முனையில் ஓர் இரும்புக் கேட் உண்டு. ஆண்டில் ஒரு நாள் தவிர மற்ற நாளெல்லாம் அது திறந்தே கிடக்கும்.

அந்த ஒரு நாள் ஆயுத பூசை. தராசு, கவாத்துக் கத்தி, ஜீப், காப்பிப் பழம் உரிக்கும் இயந்திரம் ஆகியவற்றுக்குப் பொட்டு வைப்பதைப் போலவே கேட்டையும் கழுவி, பூட்டி, பூட்டுக்குப் பொட்டு வைத்து, முன்னால் தேங்காய் உடைத்துக் கும்பிடுவார்கள். சாவி பங்களாப் பூசையறைத் தட்டில் போய்ச் சேரும். பிள்ளைகள் பூசையில் வைத்த புத்தகத்தை மறுநாள் வரை தொடாதிருப்பது போல, அந்தச் சாவியையும் யாரும் தொடமாட்டார்கள். விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டிக் கேட்டைத் திறப்பார்கள். உடைக்கும் தேங்காய் ஒவ்வோர் ஆண்டும் எங்கள் வீட்டிலிருந்து போகும். கேட்டுக்குப் பூசை செய்யும் ஊர் வேறெங்காவது உண்டா என்று மனைவியைக் கேலி செய்திருக்கிறேன். "நீங்க சாக்பீஸுக்குப் பொட்டு வைக்கிறதில்லையா?" என்பாள்.

போன ஆண்டு காலையில் தேங்காயைக் கொடுத்துவிட்டு வந்தவளுக்குப் பிற்பகலில் மூச்சு அடைத்தது. காரில் படுக்கவைத்து கேட் வரை ஓட்டிப் போனேன். எஸ்டேட் காவல்காரர் சாவிக்கு ஓடினார். தட்டின் முன்னால் நின்று, தொடலாமா என்று ஒரு கணம் யோசித்ததாகப் பின்னர் அவரே சொன்னார். ஒரு கணம் என்பது அவர் கணக்கு. நான் காத்திருந்து பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிச் சுற்றுவழியில் போனேன். அவர் சாவியுடன் வந்தபோது கேட்டின் இந்தப் பக்கத்தில் யாருமில்லை.

இன்னும் முன்னதாக வந்திருந்தால் என்று மருத்துவரிடம் கேட்டேன். "இருக்கலாம்" என்றார். ஓராண்டாக அந்தச் சொல்லோடுதான் வீட்டில் இருக்கிறேன்.

தை பிறந்ததும் எஸ்டேட் கைமாறியது. வாங்கியவர்களை யாரும் பார்த்ததில்லை. ஒரு மேனேஜர் மட்டும் வந்தார். மரியாதையானவர். முதலில் சில்வர் ஓக் மரங்களில் வெள்ளைச் சுண்ணாம்பு வளையங்கள் தோன்றின. பிறகு வளையம் போட்ட மரங்கள் காணாமல் போயின. பிறகு கம்பிவேலி வந்தது. நான் காலையில் நடக்கப் போகும்போதெல்லாம் அது எங்கள் பக்கமாக இன்னும் சற்று நீண்டிருக்கும். கல்தூண் நடுகிறவர்களை மட்டும் ஒருமுறையும் கண்டதில்லை. ஒரு நாள் கேட் பூட்டியிருந்தது. அது பண்டிகை நாளும் அல்ல. காவல்காரர் வேலையில் நீடித்தார், ஆனால் சாவி அவரிடம் இல்லை. மேனேஜரிடம் இருந்தது. தங்கள் பழைய தடம் அடைபட்டதும் காட்டெருமைகள் எங்கள் வீடுகளை ஒட்டிப் பகலிலேயே வந்து நின்றன.

தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். சேலத்தில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன், ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். இரண்டாம் முறை போனபோது, அவர் உள்ளே இருந்துகொண்டே ஊரில் இல்லை என்று சொல்லச் சொன்னார். திரும்பும் வழியில் பழைய புத்தகக் கடையில் சில சட்டப் புத்தகங்களை வாங்கினேன்.

பிறர் நிலத்தின் வழியே நெடுங்காலம் நடந்தவனுக்கு அந்த வழியில் நடக்கும் உரிமை உண்டாகிவிடும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் தன் உரிமையாக நடந்திருக்க வேண்டும். நிலக்காரரின் தயவில் நடந்திருக்கக் கூடாது. ஆண்டுக்கொரு நாள் அவர் வழியை அடைக்க, நடந்தவர்களும் அதை ஏற்றுக்கொண்டிருந்தால், மற்ற நாட்களில் நடந்ததும் தயவினால்தான் என்று வாதிட இடமுண்டு. நாங்கள் ஏற்றுக்கொண்டதோடு நிற்கவில்லை. தேங்காய் உடைத்துக் கும்பிட்டிருக்கிறோம். கணிதத்தில் ஒன்றை நிரூபித்துவிட்டால் அது யாருடைய நினைவையும் நம்பியிருக்க வேண்டியதில்லை. இங்கே நிரூபணம் என்றால் சாட்சிகள். சாட்சிகள் என்றால் நாங்கள்.

படிப்பது என்று அப்போதும் முடிவு செய்யவில்லை. துக்கத்துக்கு ஓர் எதிராளி தேவைப்படுகிறது. அதற்காக ஒருவன் இந்த வயதில் வகுப்பில் போய் உட்காரலாமா என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஆவணியில் காவல்காரரின் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். அவர்கள் வீடு கேட்டை ஒட்டி, எங்கள் பக்கத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு கேள்வி என்னைப் பற்றியதாக மட்டும் இல்லை.

காவல்காரரின் மனைவி ஒரு நாள் வேலியோரம் நின்று கேட்டார். "ஏனுங்க சார், வக்கீலுக்கு மூணு வருசம் படிக்கோணுங்களாமா?"

"ஆமாம்மா."

"எம் புள்ளைக்கு ஐப்பசியில நாளுங்க. அதுக்குள்ள சுருக்கா முடியற மாதிரி ஏதாச்சும் படிப்பு இல்லீங்களா?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு இருவரும் கேட்டைப் பார்த்தோம்.

"மகளைச் சேலத்துக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கே அனுப்பிடுங்க. குழந்தை பிறந்த பிறகு கூட்டி வரலாம்."

"தலச்சன் பிரசவத்துக்குப் பொறந்த ஊட்ல வச்சுப் பாக்க வக்கில்லைனு அவிங்க பேசமாட்டாங்களா? நீங்க வேற சார்."

படியில் உட்கார்ந்திருந்த மகள், "நானும் போகமாட்டேனுங்க. அங்க நொம்ப வெக்கை" என்றாள்.

"வாய மூடிட்டு இரு கண்ணு" என்றார் தாய்.

காவல்காரர் அவிழ்ந்த தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். என் மனைவி இறந்த நாளுக்குப் பிறகு அவர் என் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. "எங்கயும் அனுப்ப வேண்டாமுங்க ஐயா. இந்த வருசம் பூசைய ஒழுங்காப் பண்ணீட்டா கேட்டு தொறந்துருமுங்க. நோம்பி முடியட்டும் பாக்கலாம்னு மேனேஜரே சொல்லியிருக்காரு. போன வருசம் பூசையில வச்ச சாவிய நாந் தொட்டுப்போட்டனுங்க. அதான் எல்லாம் இப்பிடி ஆகிப்போச்சு."

தொட்டதனால் என்று அவர் நினைக்கிறார். தொடத் தயங்கியதனால் என்று நான் நினைத்து வந்தேன். சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். அதற்குப் பதிலாகப் புத்தகத்தில் படித்ததை எளிய சொற்களில் சொன்னேன்: பூட்டிய கேட்டைக் கும்பிட்டால், பூட்டியது சரி என்று நாமே சொன்னதாகிவிடும், இந்த ஆண்டு பூசை வேண்டாம்.

"சாமி கும்புடறது எப்பிடிங்க கேசாகும்?" என்றார் அவர், உண்மையாகவே புரியாமல்.

"அம்மா இருந்திருந்தா தேங்கா குடுத்திருப்பாங்க" என்றார் அவர் மனைவி.

கல்லூரியில் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் கட்டாயம் என்றிருந்தார்கள். தைத்து வைப்பதனால் எதுவும் முடிவாகிவிடாது என்று சொல்லிக்கொண்டு ஏற்காட்டுக் கடைவீதியில் தையல்காரரிடம் போனேன். அளவெடுக்கும்போது அவர், "ஏனுங்க சார், உங்களையுமா வேலைக்கு எடுத்துட்டாங்க?" என்றார். விளங்காமல் பார்த்தேன். பின்னாலிருந்த அடுக்கைக் காட்டினார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கட்டுக்கட்டாக. எங்கள் பக்கத்து எஸ்டேட்டில் வரப்போகும் ரிசார்ட்டின் சிப்பந்திகளுக்கு. "தீபாவளிக்குள்ள கேட்டிருக்காங்க. நொம்ப அவசரமாம்." இடுப்பளவை இரண்டாம் முறை எடுத்துவிட்டு, "எளைச்சுட்டீங்க சார்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

நவமியன்று காலையில் திதியை முடித்து, காகத்துக்குச் சோறு வைத்தேன். அது வரவில்லை. மூடுபனி மதிலைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. கேட்டுப் பக்கமிருந்து ஆட்களின் குரல் கேட்டது. தேங்காய் கொடுப்பதில்லை என்று இருந்தவன், போகாமலிருக்க முடியாமல் வெறுங்கையோடு போனேன்.

கேட்டைக் கழுவி மாவிலை கட்டியிருந்தார்கள். பெரிய புதுப் பூட்டு. காவல்காரர் அதற்குச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்தார். மகளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். கேட்டின் மறுபக்கத்தில் மேனேஜர், கையில் போனுடன்.

"சார், லா படிக்கப் போறீங்களாமே. ரொம்ப சந்தோஷம்" என்றார் கம்பிகளுக்கிடையில். அதை நான் அவரிடம் சொன்னதில்லை. "தனியா இருக்கீங்க. உங்க பக்கம் காட்டுமாடு நடமாட்டம் அதிகமாயிடுச்சுன்னு கேள்விப்பட்டேன். பார்த்து இருங்க சார்."

பிறகு எல்லோரிடமும், "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க. பூட்டும் தெரியணும், முகமும் தெரியணும்" என்றார்.

"ஐயா, நீங்களும் வாங்க" என்று காவல்காரர் அழைத்தார். மறுத்துவிட்டுத் தள்ளிப்போய்ப் பலாமரத்தடியில் நின்றேன். தேங்காய் உடைந்தது. கற்பூரத்தை ஏற்றினார்கள். போன ஆண்டு கற்பூரத் தட்டைப் பிடித்திருந்தவளைத் தவிர வேறெதையும் அந்த நேரத்தில் நான் நினைக்கவில்லை.

விஜயதசமி காலையில் எல்லோரும் குளித்துவிட்டுக் கேட்டின் முன்னால் காத்திருந்தார்கள். சாவி வரவில்லை. காவல்காரர் மேனேஜரின் எண்ணை மறுபடி மறுபடி அழைத்தார். "ஸ்விட்ச் ஆப்னு வருதுங்க. தூங்கறாரோ என்னமோ" என்றார். அவர் மனைவி, "தூங்கறாரு, பாவம். தட்டுல வச்ச சாவி எந்திரிச்சு வராதா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. வெயில் ஏறியும் பனி விலகவில்லை.

நான் வீட்டுக்கு வந்தபோது போனில் ஒரு படம் வந்திருந்தது. கீழே ஒரே வரி: உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி சார். படத்தில் பூட்டு, பொட்டு, நாற்காலியில் அந்தப் பெண், அவளைச் சுற்றி எல்லோரும். ஓரத்தில், பலாமரத்தடியில், நான். கண்களை மூடிக் கைகளைக் கூப்பியிருந்தேன். கூப்பியது எனக்கு நினைவில்லை. கூட்டத்திலிருந்து தள்ளி நின்றதனால், படத்தில் இருந்தவர்களில் நான்தான் தெளிவாகத் தெரிந்தேன்.

படத்தை அழிக்கவில்லை. புதுச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். சான்றிதழ்களைப் பையில் வைத்தேன்.

பண்டிகைக்கு வந்திருந்த மாப்பிள்ளை வேன் ஓட்டுகிறவர். பிரசவம் வரை இங்கேயே தங்கப்போவதாகச் சொல்லியிருந்தார். என் காரைக் கொண்டுபோய் அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்தி, கதவோரத்து ஆணியில் சாவியை மாட்டினேன்.

"நான் இனிமேல் பஸ்ஸில் போய்வருவேன். இது இங்கேயே இருக்கட்டும்" என்றேன். பிறகு காவல்காரரிடம், "எந்த நாளானாலும் தொடலாம்" என்றேன்.

அவர் முதன்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வெள்ளச் சட்டையில வக்கீலாட்டவே இருக்கீங்க சார்" என்றார் அவர் மனைவி. மகள் ஆணியிலிருந்த சாவியைப் பார்த்துக்கொண்டு, வயிற்றின் மேல் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

கரடியூர்ச் சாலையில் பஸ் வந்தது. முன் இருக்கையில் உட்கார்ந்தேன். காட்டுக்குள் திரும்பும் வளைவு ஒன்றில் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார், பிறகு நிறுத்தினார், பிறகு என்ஜினையும் அணைத்தார். பனிக்குள் சாலையின் முழு அகலத்துக்கும் கறுப்பாக ஒன்று நின்றிருந்தது. கால்கள் மட்டும் முழங்கால் வரை வெளுப்பு.

"ஹாரன் அடிக்காதீங்க, தானாப் போகும்" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்.

"எப்பப் போகும்?"

"அத அதுகிட்டத்தானுங்க கேக்கோணும்."

பையை மடியில் அணைத்துக்கொண்டேன். போன ஆண்டு அவளோடு போன கார் நின்றதும் இந்த வளைவில்தான். அன்றும் நான் ஹாரன் அடிக்கவில்லை.