ஓய்வு என்று நான் எழுதிய கடிதம்

எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தில் பந்தடிப்பவர்கள் பதினொரு பேர். எப்படி அடிக்கவேண்டும் என்று தெரிந்தவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். மாரி தொடங்கி மைதானத்தில் தண்ணீர் ஏறியதும் அந்தப் பதினொரு பேரும் வயலுக்குப் போய்விடுவார்கள். மற்றவர்களுடைய ஆட்டம் அப்போதுதான் சூடுபிடிக்கும். சந்தியிலுள்ள தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் இருந்துகொண்டு யாரை வைத்திருப்பது, யாரை விடுவது, எந்த ஊர்க் கழகத்திலிருந்து யாரைப் பிடித்து வருவது என்று பங்குனி வரைக்கும் அடிப்பார்கள். ஒரு நாளாவது பூட்ஸ் போட்டிராதவன்தான் அதில் உரத்துக் கதைப்பான். ஆடமாட்டாதவள் நிலம் கோணல் என்றாளாம். எங்கள் ஆட்களுக்கு நிலம் கோணலில்லை, ஆடுகிறவன்தான் எப்போதும் கோணல்.

அவர்களைத் திட்டி எனக்கு என்ன ஆகப்போகிறது? நானும் அந்த வாங்கில் இருந்தவன்தான். அதோடு நான் கழகத்தின் செயலாளர்.

அந்த மாரி முழுக்கக் கதை எங்கள் கோல்காப்பாளனைப் பற்றியது. என் வயதுக்காரன், முப்பத்தொன்பது. மேசன் வேலை செய்கிறவன். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. அவன் கோலுக்குள் நிற்பான், நான் அவனுக்கு முன்னால் பின்வரிசையில் நிற்பேன். எனக்குப் பின்னால் அவன் நிற்கிறான் என்ற தைரியத்தில் நான் விட்ட பிழைகளை எண்ண முடியாது. சண்டை முடிந்து மீளக் குடியேறி வந்தபோது மைதானம் நாயுண்ணிப் பற்றையாகக் கிடந்தது. முதலில் கத்தியோடு போனவன் அவன். இன்றைக்கு நிற்கிற இரண்டு பக்கத்துக் கோல் கம்பங்களுக்கும் குழி கிண்டிக் கொங்கிறீற் போட்டவனும் அவன்தான். எனக்கு அரசாங்கத்தில் எழுதுவினைஞர் வேலை கிடைத்து வயிறும் வைத்ததும் பந்தை விட்டேன். அவன் விடவில்லை.

அந்த வருடம் பிரதேச இறுதிப் போட்டியில் கடைசி நிமிடத்தில் ஒரு பந்து வந்தது. பெரிய அடி ஒன்றுமில்லை. நெஞ்சுக்கு நேரே வந்து, கையில் பட்டு, நழுவி, அவனுடைய காலுக்குள்ளால் போய்விட்டது. தோற்றோம். அதை யாரோ போனில் எடுத்துவிட்டான். இருபது செக்கன் வரும். கழகத்தின் போன் குழுவில் அதைப் போட்டதும், ஊரை விட்டுப் போய் இருபது வருடத்துக்கு மேலான ஒருவர் சுவிஸிலிருந்து குரல் பதிவு அனுப்பினார். "உவரை இன்னும் ஏன் வைச்சிருக்கிறியள்? மியூசியத்துக்குக் குடுங்கோ." கனடாவிலிருந்து மூன்று பேர் அதற்குச் சிரித்த முகம் போட்டார்கள். அவனிடம் இருந்தது பட்டன் போன். குழுவில் அவன் இல்லை. அதனால் அவனைப் பற்றி எதுவும் சொல்லலாம் என்றாகிவிட்டது.

தேத்தண்ணிக் கடையிலும் அதே கதைதான்.

"துணுக்காய்க் கழகத்திலை ஒருத்தன் நிக்கிறான், ஆறடி. கையை நீட்டினா மேல் கம்பம் தட்டுப்படும்."

"உயரம் இருந்தாப் போதுமோ? தென்னையும்தான் உயரம்."

"தென்னை எண்டாலும் காலுக்குள்ளாலை பந்தை விடாது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காதவர் ஒருவர்தான், சந்தியில் புடவைக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், எங்கள் எல்லோருக்கும் நானா. இடம்பெயர்ந்து போய்ப் பல வருடம் கழித்துத் திரும்பி வந்தவர். எங்கள் ஆட்டம் ஒன்றையும் தவறவிடாதவர்.

"அரையிறுதியில ரெண்டு பெனால்டியைப் பிடிச்சது ஆர்?" என்றார். "கையால பிடிச்சதை மறந்திட்டு காலால போனதை வச்சிருக்கிறீங்க."

"அது அரையிறுதி, நானா."

"அரையிறுதி இல்லாம இறுதி எங்க இருந்து வந்தது?"

அதற்கு எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் ஒருவருடைய முடிவும் மாறவில்லை.

கார்த்திகையில் வாசிகசாலையில் கூட்டம் வைத்தோம். அவன் அந்தக் கிழமை கனகராயன்குளத்தில் ஒரு வீட்டு வேலையில் நின்றான். அந்தக் கிழமையைப் பார்த்துத்தான் கூட்டத்தை வைத்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். துணுக்காய்க்காரனை எடுப்பது, இவனை விடுவது என்று பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. பிறகு தலைவர் கேட்டார், "ஆர் அவரிட்டைச் சொல்லுறது?" பூனைக்கு மணி கட்ட ஆள் இல்லை. எல்லோரும் கூரையில் மழை ஒழுகுகிற இடத்தைப் பார்த்தார்கள்.

"முகத்துக்கு நேரா போய்ச் சொல்லுங்க, தம்பி" என்றார், கூட்டத்துக்கு வந்திருந்த நானா, என்னைப் பார்த்து. "இனி நீங்க இல்லை, மற்றத் தம்பிதான் எண்டு சொல்லுங்க. கோவிப்பார். ரெண்டு நாள்ல ஆறிடும்."

"கடிதமாய்க் குடுப்பம், நானா. அதுதான் முறை" என்றேன்.

எனக்குக் கடிதம் எழுத வரும். முடியாது என்பதைப் பரிசீலனையில் உள்ளது என்று எழுதிப் பழகிய கை இது. பாம்பும் சாகவேண்டும், தடியும் முறியக்கூடாது. கழகத்தின் கடிதத் தாளில் எழுதினேன்: 'தங்களது நீண்டகால அரும்பணியைக் கருத்திற்கொண்டு தங்களுக்கு ஓய்வு வழங்குவதென நிர்வாகம் ஏகமனதாகத் தீர்மானித்துள்ளது.' கீழே கையெழுத்து வைத்து, முத்திரையும் குத்தினேன். வாசித்துப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் பக்கத்தில் வேலை முடிந்து வீட்டோடு இருப்பவரை ஓய்வுபெற்றவர் என்று ஒருவரும் வாயால் சொல்வதில்லை. அவர் பென்சன் எடுத்தவர். ஓய்வு என்பது டொக்டர் சொல்கிற சொல். காய்ச்சல்காரனுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் சொல்வது. கொஞ்ச நாள் இரு, பிறகு எழும்பலாம் என்று அதற்கு அர்த்தம். மேசனுக்குப் பென்சன் ஏது? சுவர் கட்டுகிறவனுக்குத் தெரிந்த ஓய்வு அந்த ஒன்றுதான். எழுதும்போது எனக்கு இது தெரியுமா என்று கேட்டால், பாதி தெரியும் என்றுதான் சொல்ல முடியும். அந்தப் பாதியை நான் கிளறவில்லை.

அப்போது அவன் என் வீட்டில் சமையலுக்குக் குசினி ஒன்று கட்டிக்கொண்டிருந்தான். ஒரு சனிக்கிழமை சுவர் இடுப்பளவுக்கு வந்திருந்தது. கடிதத்தை நீட்டினேன். சீமெந்துக் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டு, உதடு அசைய மெதுவாக வாசித்தான். இரண்டு தரம் வாசித்தான். பிறகு அவன் முகம் மலர்ந்தது.

"ஓய்வு குடுத்திருக்கிறியளோ? நல்லதடா மச்சான். முழங்கால் ஒரு வருசமாய்க் குத்துது. நானே கேப்பமெண்டு இருந்தனான், அதுக்கிடையிலை நீங்களே விளங்கிச் செய்திட்டியள். மாரி முடிய ஆள் புதுசாய் வருவன், பாரன்."

சொல்வதற்கு அது நல்ல நேரம். இரண்டு வசனம் போதும். நான் சொன்னது, "ஓம்... பாப்பம்."

பாப்பம் என்பது இல்லை என்று சொல்ல வாய் வராதவன் சொல்லும் சொல். ஊரில் எல்லோருக்கும் அது விளங்கும், அவனுக்கும் விளங்கும். நான் அவனிடமே அதைச் சொல்வேன் என்று மட்டும் அவன் நினைக்கவில்லை. கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

அதற்குப் பிறகு அவன் ஓய்வை ஒரு வேலையாகச் செய்தான். கம்புச் சாரம் கட்டி உயரத்தில் ஏறுகிற வேலை எதையும் எடுக்கவில்லை. என் குசினியையும் சீசன் தொடங்கியதும் முடித்துத் தருகிறேன் என்று அப்படியே விட்டான். பாரம் தூக்கவில்லை. யாராவது கேட்டால், "நான் ஓய்விலை இருக்கிறன்" என்று பெருமையாகச் சொன்னான். அவன் போனபிறகு தேத்தண்ணிக் கடையில் அந்த வசனத்தை அவனைப்போலவே சொல்லிச் சிரித்தார்கள். பகிடிக்கு அப்படிச் சொல்கிறான் என்று அவர்கள் நினைத்தார்கள். செயலாளர்தான் சொல்லிவிட்டாரே என்பது அவர்கள் எண்ணம். யாராவது சொல்லிவிடுவார்கள் என்று நான் நினைத்தேன். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் முடவனுக்குக் கோபம் என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எருதும் கோபிக்கவில்லை, முடவனும் கோபிக்கவில்லை. நான் பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான்.

மாசியில் அவன் மனைவி சந்தையில் என்னைக் கண்டா. "அண்ணை, முதல் மட்சுக்கே இவரை இறக்குவியளோ? வீட்டிலை ஒரே உந்தக் கதைதான். முழங்காலுக்கு எண்ணெய் போட்டே என்ரை கை தேய்ஞ்சு போச்சு" என்று சிரித்தா.

"பாப்பம், தங்கச்சி" என்றேன்.

பங்குனியில் அவன் பயிற்சியைத் தொடங்கினான். பின்னேரங்களில் தன் வீட்டுச் சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடித்தான். அந்தச் சுவரையும் அவன்தான் கட்டினவன். சைக்கிளில் போகும்போது அந்தச் சத்தம் கேட்கும். நான் மற்ற ஒழுங்கையால் போகத் தொடங்கினேன்.

நிர்வாகத்துக்கு இதற்குள் ஒரு பெருந்தன்மை வந்துவிட்டது. பழைய ஆட்டக்காரனைக் கௌரவிக்கவேண்டும் என்றார்கள். முதல் போட்டியில் பொன்னாடை போர்த்துவது என்று தீர்மானம். எங்கள் ஊரில் ஒருவரை வேண்டாம் என்று முடிவெடுத்தால் பொன்னாடை போர்த்துவோம். போர்த்திய பிறகு அவர் ஒன்றும் கதைக்க முடியாது. வாங்குவதற்கு நானாவின் கடைக்குத்தான் போனேன்.

"சொல்லிட்டீங்கதானே?" என்று கேட்டார், துணியை மடித்துக்கொண்டு.

"ஓம் நானா, அப்பவே கடிதம் குடுத்தாச்சு."

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பொய் இல்லாமல் ஏமாற்றுவதுதானே என்னுடைய உத்தியோகம்.

சித்திரை வருடப்பிறப்பு கழிந்து முதல் போட்டி. அதற்கு முந்தின நாள் போன் எடுத்து, "நாளைக்கு நேரத்துக்கு வா, உன்னை மேடைக்குக் கூப்பிடுவினம்" என்றேன். அணியை அறிமுகம் செய்யப்போகிறார்கள் என்று அவன் விளங்கிக்கொண்டான். மினுக்கி மடித்த ஜேர்சி, முதுகில் ஒன்றாம் இலக்கம். பூட்ஸ், கையுறை. மெலிந்திருந்தான். கோட்டுக்கு வெளியே குனிந்து நிமிர்ந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தான். அங்காலே துணுக்காய்க்காரனும் அதையே செய்துகொண்டிருந்தான். இவன் அவனைப் பார்த்துக் கை காட்டி, "ரெண்டாவது ஆள் ஒருத்தன் வேணும்தான்" என்று என்னிடம் சொன்னான். அப்போதும் நேரம் இருந்தது.

ஒலிபெருக்கியில் அவன் பெயர் கேட்டது. கையுறையை இழுத்து இறுக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினான். கோலை நோக்கி ஓடினான். கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள், யாரோ சிரித்தார்கள். அறிவிப்பாளர் திரும்பவும் சொன்னார், இந்த முறை ஆறுதலாக, சொல் சொல்லாக: "எமது கழகத்தின் முன்னாள் கோல்காப்பாளரை மேடைக்கு வருமாறு அன்புடன் அழைக்கின்றோம்."

முன்னாள். கடிதத்தில் நான் எழுதாமல் விட்ட சொல் அதுதான். அது ஒலிபெருக்கியில், ஊரே கேட்க, அவனுக்குப் போய்ச் சேர்ந்தது.

பெனால்டிக் கோட்டில் நின்றுவிட்டான். அங்கிருந்து மேடை வரைக்கும் நடந்து வந்தான். கையுறையோடு கும்பிட்டான். ஒன்றாம் இலக்கத்துக்கு மேலால் தலைவர் பொன்னாடையைப் போர்த்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். சிறப்பு விருந்தினர்களின் வரிசையில் ஒரு கதிரை கொடுத்தார்கள், அதில் ஆட்டம் முடியும்வரை இருந்தான். பொன்னாடையைக் கழற்றவில்லை. அந்த வெயிலில் கையுறையையும் கழற்றவில்லை. நாங்கள் இரண்டுக்குப் பூச்சியம் வென்றோம். நல்ல முடிவு எடுத்தியள் என்று பலர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சுவிஸ்காரர் கட்டைவிரல் போட்டார்.

அடுத்த நாள் காலை அவன் என் வீட்டுக்கு வந்தான். வந்ததும் நூலைக் கட்டிக் கல்லை வைக்கத் தொடங்கினான். என் மனைவி தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தா, அது ஆறிக் கிடந்தது. மூன்று நாளில் சுவரை முடித்து, பூசி, சட்டப் பலகை பிடித்து மட்டமாக்கி, தன் சாமான்களைக் கழுவினான். நான் அப்போதுதான் வாய் திறந்தேன்.

"மச்சான், அண்டைக்கு நீ கடிதத்தைப் பிழையாய் விளங்கிக்கொண்டிட்டாய்."

"ஓம், நான் பிழையாய்த்தான் விளங்கினனான்" என்றான். "நான் பிழையாய் விளங்கினது உனக்கு விளங்கினதோ, இல்லையோ?"

"விளங்கினது" என்றேன். இத்தனை மாதத்தில் நான் அவனுக்குச் சொன்ன ஒரே நேரான பதில் அது.

பூச்சுக் கரண்டியைச் சாக்குக்குள் வைத்துக் கட்டினான். "எனக்கு உன்னைப்போலை எழுத வராது. அதாலை நேரை நிண்டு வாயாலை சொல்லுறன், வடிவாய்க் கேட்டுக்கொள். உன்ரை வீட்டு வேலை முடிஞ்சுது. இனி நான் உன்ரை வீட்டுக்கு வரமாட்டன். நீயும் வராதை."

சைக்கிளில் சாக்கைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். இரண்டு நாளில் ஆறிவிடும் என்று நானா சொன்னது, முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால்.

இப்போது அடுத்த மாரி. மைதானத்தில் தண்ணீர். துணுக்காய்க்காரன் காலிறுதியில் இரண்டு பந்தை விட்டுவிட்டான், அதனால் அவனை வைத்திருப்பதா விடுவதா என்று கடையில் கதை. "பழைய ஆளை விட்டிருக்கக்கூடாது" என்று பெருமூச்சு விட்டவன், தென்னையைப் பற்றிப் பகிடி விட்ட அதே ஆள். கடைசியில் விடுவது என்றுதான் வந்து நின்றார்கள். ஆர் சொல்வது என்ற கேள்வி இந்த முறை எழவே இல்லை.

"கடிதம் எழுத எங்கடை செயலாளர் இருக்கிறார்தானே. போனமுறை என்ன வடிவாய் எழுதினவர்" என்றார் தலைவர்.

நானா தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். மற்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பாப்பம்" என்றேன்.